சபைக்குப் புதிதாக வருகிறவர்களை வரவேற்பது: வாசலிலிருந்து வீட்டு ஜெபம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வாசலில் நின்று "ஸ்தோத்திரம்" சொல்லி, நோட்டீஸ் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டால் வரவேற்பு முடிந்தது என்றுதான் நானும் நான்கு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு நர்ஸ் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணா, நீங்கதானே சர்ச் வாசல்ல நோட்டீஸ் கொடுப்பீங்க?" எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. ஏழு மாதம் வந்திருக்கிறார். தூணை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போயிருக்கிறார். இப்போது வேறு சபைக்குப் போகிறாராம். "அங்க ரெண்டாவது வாரமே பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கண்ணா." குறையாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்து பார்த்து, தப்பு செய்து, திருத்திக்கொண்ட வரிசைதான் கீழே இருப்பது. வரிசையை மாற்றாதீர்கள். பாதிப் பிரச்சினை, செய்ய வேண்டியதைச் செய்யாததால் வருவதில்லை. பத்தாவது வாரம் செய்ய வேண்டியதை இரண்டாவது வாரம் செய்வதால் வருகிறது.

1. முதலில் நான்கு வாரம் சும்மா கவனியுங்கள்

குழு அமைப்பதற்கு முன், யார் வருகிறார்கள் என்று பாருங்கள். "புதியவர்" என்று ஒரே ஆள் கிடையாது. வேலூரில் குறைந்தது ஐந்து வகை உண்டு.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்காக வந்து, ஐடா ஸ்கடர் சாலையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் தங்கியிருப்பவர்கள் ஒரு வகை. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று தூரத்திலிருந்து வந்திருப்பார்கள். அடுத்து, வி.ஐ.டி., ஊரிஸ், ஆக்சிலியம், நர்சிங் என்று படிக்க வந்த பிள்ளைகள். அப்புறம் பேங்க், ரயில்வே, பள்ளிக்கூடம் என்று மாற்றலாகி வந்த குடும்பங்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் படிப்புக்காக டவுனுக்குக் குடிவந்தவர்கள் நான்காவது.

ஐந்தாவது வகையை யாருமே எண்ணுவதில்லை: கல்யாணமாகி வந்த மருமகள்கள். "நம்ம வீட்டுப் பொண்ணுதானே" என்று விட்டுவிடுவோம். மூன்று வருஷம் ஆனாலும் அந்தப் பெண் "இன்னாரோட மருமக"தான். பெயர் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? மூன்று வாரம் தங்கப்போகிறவருக்கு அங்கத்தினர் படிவம் எதற்கு? ஹாஸ்டல் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டுச் சாப்பாடு போதும். மாற்றலாகி வந்தவருக்குப் பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளி எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும். எல்லோருக்கும் ஒரே படிவத்தை நீட்டினால் யாருக்கும் உதவாது.

2. முன்னதாகத் தயார் செய்ய வேண்டியவை

ஆட்கள் நான்கு பேர் போதும். ஆயரை இதில் சேர்க்காதீர்கள். ஆராதனை முடிந்ததும் அவரைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். புதியவர் அந்தக் கூட்டத்துக்குள் நுழைய மாட்டார். நான்கில் ஒருவர் ஐம்பது வயது தாண்டிய அம்மாவாக இருக்கட்டும். ஒருவர் சுமாராகவாவது ஹிந்தி பேசுகிற வாலிபர். நான்கு பேரும் ஒரே சொந்தக்காரக் கூட்டமாக மட்டும் இருக்கக் கூடாது. காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

பொருட்கள்: நூறு பக்க நோட்டு ஒன்று. பத்திகள் இவை: பெயர், யாரோடு வந்தார், எங்கே தங்கியிருக்கிறார், எவ்வளவு நாள், போன் (அவராகக் கொடுத்தால்), நம்மில் பேசியவர் யார். கடைசிப் பத்திதான் முக்கியம். அது காலியாக இருந்தால் மற்ற ஐந்தும் வெறும் கணக்கு. நோய், சம்பளம் இவற்றை எழுதவே வேண்டாம். நோட்டு கை மாறும்.

பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்கள் பத்து, நாடா வைத்தவையாக. குடிதண்ணீர். கழிப்பறைச் சாவி. சிரிக்காதீர்கள், எங்கள் கழிப்பறைச் சாவி கோயில்பிள்ளையின் (ஆலயப் பணியாளரின்) இடுப்பில் இருக்கும், அவர் மணி அடிக்கப் போயிருப்பார். சின்னக் குழந்தையோடு வந்த ஒரு தாய் அதற்காகவே பாதியில் கிளம்பிப்போனதை நான் பார்த்தேன். வேலூர் வெயில் ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரி தாண்டும். நோயாளியோடு வருகிறவருக்கு ஃபேன் காற்று படுகிற இடம் எது என்று குழுவுக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

3. வாசலில் மூன்று கேள்வி, நான்காவது வேண்டாம்

உங்கள் பெயர் என்ன, எங்கே தங்கியிருக்கிறீர்கள், எவ்வளவு நாள் இருப்பீர்கள். இவ்வளவுதான்.

நான்காவதாக நம் வாயில் தானாக வருவது: "சொந்த ஊர் எது?" கேட்பவருக்கு அது அன்புதான். ஆனால் அதோடு நிற்காது. "குடியாத்தம்" என்றால் "குடியாத்தத்துல எங்க?" அதற்குப் பதில் வந்தால் "அங்க எந்தத் தெரு? யாரோட பிள்ளை?" மூன்றாவது கேள்விக்கு வரும்போது என்ன விசாரிக்கப்படுகிறது என்று இருவருக்குமே தெரியும். ஊரா, காலனியா என்பதுதான் விசாரணை. நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில் இதை மறைத்துப் பேசிப் பிரயோஜனம் இல்லை. கிராமத்திலிருந்து டவுனுக்கு வந்த பையன் அந்தக் கேள்வியை ரேஷன் கடையிலும் வாடகை வீட்டு வாசலிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் ஆலயத்துக்குள் வருகிறான்.

யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் பொன்மோதிரம் போட்டவரை எங்கே உட்காரவைத்தீர்கள் என்று கேட்கிறது. நம் ஊரில் மோதிரத்தைவிட ஊர்ப்பெயர்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் எங்கள் குழுவில் இது சட்டம்: அவராகச் சொன்னால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளலாம், நாமாகக் கேட்கக் கூடாது. குழு ஒரே சொந்தக்காரக் கூட்டமாக இருக்கக் கூடாது என்று சொன்னதும் இதற்காகத்தான். வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தே "இது இன்னார் சபை" என்று ஒருவர் முடிவு கட்டிவிடக் கூடாது.

"என்ன வியாதி?" என்பதும் இதே கணக்கு. லாட்ஜில் தங்கியிருக்கிறேன் என்றால் மேற்கொண்டு தோண்ட வேண்டாம்.

4. உட்காரவைப்பது

பின்னாலிருந்து நான்காவது, ஐந்தாவது பெஞ்சு, நடைபாதை ஓரம். முன் பெஞ்சில் உட்காரவைப்பது மரியாதை என்று நினைப்போம். ஆனால் எப்போது எழுவது, எப்போது முழங்கால்படியிடுவது என்று தெரியாதவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் வழிகாட்டி. முன் பெஞ்சில் அது கிடையாது.

தனியாக உட்காரவைக்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் வேண்டும். இதில் நாங்கள் பட்ட பாடு ஒன்று. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு தம்பதியைப் பெரியவர் ஒருவர் கையைக் காட்டி எழுப்பிவிட்டார். "அது எங்க சீட்டு." முப்பது வருஷமாக அவர் குடும்பம் அங்கேதான் உட்காருகிறது. அந்தத் தம்பதி மறுபடி வரவில்லை. கமிட்டியில் பேசலாம் என்றார்கள் சிலர். பேசியிருந்தால் பெரியவரும் போயிருப்பார். எங்கள் குழுவில் இருந்த அக்கா நேராக அவரிடம் போய், "ஐயா, இனிமே புதுசா வர்றவங்களை உங்க பக்கத்துலதான் உட்காரவைக்கப்போறோம், நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார். அவ்வளவுதான். இப்போது அவரே நகர்ந்து இடம் விடுகிறார். தமிழ் எழுத்தே தெரியாத ஒரு வங்காளி மனிதருக்கு அவர் கீர்த்தனைப் புத்தகத்தை விரித்துப் பிடித்து, வரிக்கு வரி ஆள்காட்டி விரலை நகர்த்திக்கொண்டு போனதைப் பார்த்தேன். அந்த மனிதர் விரலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லவி திரும்ப வரும்போது விரலும் மேலே ஏறியது.

பக்கத்தில் இருப்பவரின் வேலைகள் மூன்று. பாட்டு நம்பர் எடுத்துக் கொடுப்பது. சமாதானம் கொடுக்கும் நேரத்தில் முதலில் தான் திரும்புவது, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனை முறையில் சமாதானம் கைக்குக் கை வந்து சேரும், புதியவர் உள்ளங்கைகளை எப்படி வைப்பது என்று தெரியாமல் திண்டாடுவார். மூன்றாவது, திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும் வாங்க முன்னே போவது. யார் முன்னே வரலாம், வராதவர்கள் என்ன செய்யலாம் என்பதை ஆயரிடம் முன்பே கேட்டுவைத்து, ஆராதனை தொடங்கும் முன் மெதுவாகச் சொல்லிவிட வேண்டும். வரிசையில் பாதி தூரம் போனபிறகு "திடப்படுத்தல் எடுத்தாச்சா?" (திருவிருந்தில் சேர்வதற்கு முன் எடுக்கும் சடங்கு) என்று கேட்பதைப்போல் அவமானம் வேறில்லை.

தலையில் முந்தானை போடாதவர், செருப்போடு உள்ளே வந்தவர் இவர்களைத் திருத்தப் பாட்டிமார்கள் தயாராக இருப்பார்கள். திருத்த வேண்டாம் என்று குழுவின் அம்மா முன்கூட்டியே பாட்டிமார்களிடம் சொல்லிவைக்கட்டும். இரண்டாவது வாரம் புதியவர்களே பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

5. எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

"இன்று முதல்முறையாக வந்திருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்ற அறிவிப்பை ஆயரிடம் சொல்லி நிறுத்துங்கள். கைத்தட்டலும் ரோஜாப்பூவும் நமக்குத்தான் சந்தோஷம். கூச்சப்படுகிறவர் அடுத்த வாரம் தாமதமாக வந்து, சீக்கிரம் கிளம்புவார். அதற்குப் பதிலாக, ஆராதனை முடிந்ததும் வெளியே டீ இருக்கிறது, எல்லோரும் இருந்து குடித்துவிட்டுப் போங்கள் என்று பொதுவாகச் சொன்னால் போதும்.

6. ஆசீர்வாதத்துக்கு அப்புறம் பத்து நிமிஷம்

எல்லாமே இங்கேதான் நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது.

ஆமென் சொன்னதும் நாம் என்ன செய்வோம்? நம் ஆட்களைத் தேடிப் போவோம். கமிட்டிக்காரர்கள் பெயின்ட் கணக்கு பேச ஒதுங்குவார்கள், வாலிபர்கள் பைக் பக்கம், அம்மாமார்கள் போன வார வளைகாப்புப் பக்கம். புதியவர் நோட்டீஸை நான்காக மடித்துக்கொண்டு, சுவரில் இருக்கும் கல்வெட்டைப் படிப்பதுபோல் இரண்டு நிமிஷம் நிற்பார். மூன்றாவது நிமிஷம் கேட்டைத் தாண்டிவிடுவார்.

அதனால் குழுவுக்கு ஒரே கட்டளை: முதல் பத்து நிமிஷம் தெரிந்தவர்களோடு பேசக் கூடாது. தங்கச்சி வந்தாலும் "அப்புறம் பேசுறேன்" என்று சொல்ல வேண்டும்.

டீ வைக்கும் இடமும் முக்கியம். நாங்கள் முதலில் பின்பக்க ஹாலில் வைத்தோம். புதியவர்கள் யாரும் வரவில்லை. அந்த ஹால் எங்கே இருக்கிறது என்றே தெரியாதே. கேட்டுக்குப் போகிற வழியில், வேப்பமரத்தடியில் மேஜையைப் போட்டதும் மாறிவிட்டது. டம்ளர் கையில் இருக்கும்வரை ஆள் நிற்பார்.

பேசியபின் ஒருவருக்காவது அறிமுகப்படுத்துங்கள், கூட்டத்துக்கு அல்ல. மாற்றலாகி வந்த டீச்சரை இன்னொரு டீச்சரிடம், ஹாஸ்டல் பையனை அதே காலேஜ் பையனிடம். மருமகளை அவள் வயதுப் பெண்ணிடம், மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. அறிமுகப்படுத்தும்போது அவள் பெயரைச் சொல்லுங்கள், வீட்டுப் பெயரை அல்ல.

7. செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு போன்

புதன் தாண்டிவிட்டால் அந்தப் போன் "ஞாயிற்றுக்கிழமை வந்துடுங்க" என்ற ஞாபகமூட்டலாகத்தான் காதில் விழும். திங்கள், செவ்வாயில் பேசினால் விசாரிப்பு. பேசியவரே போன் செய்ய வேண்டும், பெண்களுக்குப் பெண்கள்தான். மூன்று நிமிஷம் போதும். கேஸ் சிலிண்டர் கிடைத்ததா, பிள்ளைக்கு ஸ்கூல் அமைந்ததா என்று கேளுங்கள். இரண்டாவது வாரம் வராவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் சேர்க்கவே கூடாது. ஒரு கல்லூரிப் பெண்ணின் நம்பரை ஆர்வக்கோளாறில் பெரிய குழுவில் சேர்த்தோம். அன்று ராத்திரியே முன்பின் தெரியாத யாரோ "ஹாய் சிஸ்டர்" அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் எங்கள் எல்லோரையும் பிளாக் செய்துவிட்டார். சரியாகத்தான் செய்தார்.

8. வைத்தியத்துக்கு வந்தவர்களுக்குத் தனி வழி

இவர்களிடம் மேலே சொன்ன ஆறு, ஏழோடு நிறுத்திக்கொண்டு, கீழே உள்ளதற்கு மாறுங்கள். இவர்கள் தங்கப்போகிறவர்கள் அல்ல.

தேவைப்படுவது சின்னச் சின்ன விஷயங்கள். காரம் இல்லாத கஞ்சி எங்கே கிடைக்கும், எந்த ஆட்டோ நியாயமான காசு வாங்கும், காட்பாடி ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆபரேஷன் சமயத்தில் ரத்தம் கொடுக்க ஆள் தேடுவார்கள். ஊரில் யாரையும் தெரியாதவருக்கு அது பெரிய கலக்கம். வாலிபர் ஐக்கியத்தில் ரத்த வகைப் பட்டியல் ஒன்று தயாராக இருக்கட்டும்.

செய்யக் கூடாதவை இன்னும் முக்கியம். "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், இந்த மருந்து சாப்பிட்டு..." என்று ஆரம்பிக்கவே வேண்டாம். குணமாகிவிடும் என்று உறுதி சொல்லாதீர்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேறு மதத்தவரும் அமைதி தேடி வந்து உட்காருவார்கள். வேதனையில் இருக்கிறவரின் கையில் கைப்பிரதியைத் திணிப்பது, தப்பிக்க முடியாத இடத்தில் ஒருவரைப் பிடித்துவைப்பதற்குச் சமம்.

பணம்: தனியாள் யாரும் கையில் காசு கொடுக்கக் கூடாது. பர்ஸ் தொலைந்துவிட்டது என்று சபை சபையாகப் போகிறவர்களும் உண்டு, நிஜமாகவே கையில் காசில்லாதவர்களும் உண்டு. இரண்டையும் வாசலில் நின்று பிரித்தறிய நம்மால் முடியாது. இரண்டு பொறுப்பாளர்கள் சேர்ந்து முடிவு செய்து, மருந்துக் கடை பில்லையோ லாட்ஜ் வாடகையையோ நேராகக் கட்டிவிடுங்கள். கேட்பவரின் மானமும் மிஞ்சும், சபையில் முணுமுணுப்பும் வராது.

ஊருக்குக் கிளம்பும் வாரம் வழியனுப்பி வையுங்கள். பல நேரம் அவர்கள் போனதே நமக்குத் தெரிவதில்லை.

9. வீட்டுக்குப் போவதும், வீட்டு ஜெபமும்

நான்காவது வாரம், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, இரண்டு பேர், இருபது நிமிஷம். ஐந்து பேராகப் போனால் உட்கார நாற்காலி இருக்காது. அந்த வீட்டு அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடுவார்.

அடுத்து, அவர்கள் ஏரியாவின் வீட்டு ஜெபத்துக்கு அழையுங்கள். ஞாயிறு ஆராதனையில் இருநூறு பேர் நடுவில் தொலைகிறவர், பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தொலைய முடியாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: பலகாரம். எங்கள் சத்துவாச்சாரி ஜெபக் கூட்டத்தில் முதலில் டீ, பிஸ்கட். அப்புறம் ஒரு வீட்டில் சமோசா. அடுத்த வீட்டில் கேசரி, மிக்சர். ஆறாவது வீட்டில் பிரியாணிப் பொட்டலம். ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம், தங்கள் முறை வருவதற்கு முந்தின வாரம் வராமல் நின்றுவிட்டது. அவர்களாகச் சொல்லவில்லை, நாங்களும் இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்துகொண்டோம். இப்போது டீ, ஒரு பிஸ்கட். யார் வீடாக இருந்தாலும் அவ்வளவுதான். வசதியுள்ளவர்கள்தான் இதற்கு அதிகம் வருத்தப்பட்டார்கள்.

10. இரண்டு மாதத்தில் ஒரு வேலை

வேலை இல்லாதவர் எப்போதும் விருந்தாளி. விருந்தாளி ஒருநாள் கிளம்புவார். நாற்காலி அடுக்குவது, வேதபாடம் வாசிப்பது, அறுப்பின் பண்டிகைக் கடையில் நிற்பது, டிசம்பரில் கேரல் ரவுண்டில் விளக்குப் பிடிப்பது என்று சின்னதாகக் கொடுங்கள். "எதாவது உதவி செய்யுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். "அடுத்த ஞாயிறு ஏழரைக்கு வந்து இந்த முப்பது நாற்காலி" என்றால் வருவார்கள்.

இரண்டு வேலை மட்டும் கொடுக்காதீர்கள். காணிக்கை எண்ணுவது, பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொள்வது. எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் சரி. பிள்ளைகளோடு எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும் என்ற விதி பழையவர்களுக்கும் பொருந்தும்.

11. அங்கத்துவமும் சந்தாவும் கடைசியில்

மூன்று மாதம் போகட்டும். அதன்பின், இங்கேயே இருக்கப்போகிறவர்களிடம் மட்டும், பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிவரச் சொல்லுங்கள். சந்தா எவ்வளவு, எதற்கு, கல்லறைத் தோட்ட உரிமை என்ன என்று ஒரே தடவையில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது வாரமே ரசீதுப் புத்தகத்தை எடுத்த ஒருவரால் நாங்கள் இழந்த குடும்பங்கள் இரண்டு.

இன்னொன்று. கமிட்டித் தேர்தல் நெருங்கும்போது புதியவர்கள்மேல் சிலருக்குத் திடீர்ப் பாசம் வரும். ஓட்டுதான் காரணம். குழுவில் இருக்கிறவர் அந்த வருஷம் தேர்தலில் நிற்கக் கூடாது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். இதற்காக ஒரு நல்ல ஆளை இழந்தோம். பரவாயில்லை.

12. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறங்கள்

நான்கு பேரும் உட்கார்ந்து பெயர் பெயராகப் படியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் "கடைசியாக எப்போது பார்த்தோம்?" என்ற ஒரே கேள்வி. போன தடவை அப்படிப் படித்தபோது ஒரு நர்சிங் மாணவியின் பெயருக்கு நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா அங்கேயே போன் போட்டார். நைட் டியூட்டி மாற்றிவிட்டார்களாம், ஞாயிறு காலை தூங்கிவிடுகிறாராம். "சாயங்கால ஆராதனை ஆறு மணிக்கு இருக்கும்மா" என்றார் அக்கா. அப்படி ஒன்று இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஆறு மாத நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் கீழே சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது.